வீரசேனன் உறக்கத்தோடு பொருத காதை

நித்திரை என்னும் மாதேவியே, மன்னரையும் மாந்தரையும் ஒருங்கே கண்மூட வைக்கும் வல்லமையுடையாளே, இக்கதை முடியும்மட்டும் கேட்போர் இமைகளை விட்டுச் சற்றே எட்ட நிற்பாயாக. யாம் பாடப் புகுவது உன்னோடு நேர்நின்று பொருத ஒரு மாவீரனை. கெடிலக்கரைத் திருப்பாதிரிப்புலியூரின் சிங்கம், பகலெல்லாம் சைக்கிள் டியூபுகளின் புண்ணுக்குப் பற்றுப்போட்டு, மாலையானதும் மணிமுடி தரிக்கும் இருபிறவியாளன், அட்டைக்கவசத்தான், ஒட்டுமீசையான், கார்மேகமும் கேட்டு நாணும் குரலான், பூவராகன் என்பான் அவன்.

அறுபத்து நான்காம் ஆண்டு மாசித் திங்களிலே, நகரங்களில் நாடகக்கலை தழைக்க அரசு மானியம் அளிக்கும் என்றும், மாவட்டத்துக்கு ஒரு மன்றமே அதைப் பெறும் என்றும், சென்னையிலிருந்து வரும் அதிகாரி நாடகத்தை முழுவதும் கண்ணால் கண்ட பின்னரே கையொப்பமிடுவார் என்றும் செய்தி பரவிற்று. மானியம் வாராவிடில் பூவராகனின் மன்றம் ஆடிவந்த தகரக்கொட்டகை பங்குனி முதல் மல்லாட்டை என்னும் வேர்க்கடலைக்கு மண்டியாகிவிடும். கொட்டகைக்காரர் அதற்கு முன்பணமே வாங்கிவிட்டார். பூவராகன் முதன்முதல் முடிசூடியது அக்கொட்டகையில். அரசியாய் வந்த குணசுந்தரியை மேடைமீது பன்முறை மணந்து, பின்னர் ஒருமுறை மெய்யாகவே மணந்ததும் அங்கேதான். மாலைமாற்றிய அந்த மூலையில் மல்லாட்டை மூட்டை அடுக்கப்படுவதை எண்ணுந்தோறும் அவன் நெஞ்சு பஞ்சரான சக்கரம்போல் மெல்லக் காற்றிறங்கிற்று.

எதிர்நின்ற மன்றமோ சிதம்பரத்தது. அதன் தலைவன் தேவநாதன் வாளெடாது வெல்லும் சூழ்ச்சியாளன். ஞாயிறு காலையில் தன் நாடகத்தை அதிகாரி சக்கரபாணிக்குக் காட்டி முடித்தவன், நண்பகலில் தலைவாழை இலை விரித்தான். நெய்மணக்கும் சம்பா சாதம் வெண்குன்றென எழ, கத்திரிக்காய்க் கொத்சு அதன் சாரலில் அருவியெனப் பாய, வடையும் பாயசமும் பக்கப்படைகளாய் வந்து சூழ, அவன் குனிந்து உபசரித்தான்.

"இன்னும் ஒரு கரண்டி கொத்சு போட்டுக்குங்க சார். கடலூர்ல போயி என்னா சாப்புடப் போறீங்க?"

அவ்வண்ணம் நிறைவயிற்றராய் ரயிலேறி வந்த சக்கரபாணி, அந்தியில் கொட்டகையின் முன்வரிசை நாற்காலியில் அமர்ந்தார். திரை விலகிற்று. வீரசேன மகாராஜனாய்ப் பூவராகன் புகுந்து, "யாரங்கே" என்று முழங்கிய அக்கணத்தில், அதிகாரியின் தலை மார்பிலே சாய்ந்தது.

கண்டான் வீரசேனன், ஆயினும் புறங்காட்டவில்லை. முதற்கணையாய்த் தன் குரலையே தொடுத்தான். மந்திரியிடம் மறைவாய்ச் சொல்லவேண்டிய படைரகசியத்தை மஞ்சக்குப்பம்வரை கேட்கும்படி உரைத்தான். அதிகாரி அசைந்திலர். இரண்டாவதாய், இடிக்கென்று வைத்திருந்த தகரத்தை, வானம் தெளிந்திருந்த வசந்தமண்டபக் காட்சியிலேயே அதிரச்செய்தான். அதிகாரி இடத்தோள் விட்டு வலத்தோள் சாய்ந்தார். மூன்றாவதாய் மிருதங்கமும் ஆர்மோனியமும் ஒருசேரப் பொங்க, கேடயம் ஒன்று தற்செயல்போல் உருண்டு நாற்காலிக் காலில் மோத, போர்க்காட்சிக்கான வேட்டுகள் திருமணக்காட்சியிலேயே வெடிக்க, புகைநடுவே எழுந்தது ஓர் ஓசை. ஐப்பசிக் கடலின் குமுறலை ஒத்த அவ்வோசை அதிகாரியின் குறட்டை.

தேவனாம்பட்டினத்திலிருந்து நாடகம் பார்க்க வந்திருந்த மீன்காரி ராணியம்மாள் மட்டுமே அவையில் வாய்திறந்தாள்.

"அவுரு தூங்குனா தூங்கிட்டுப் போறாரு. அதுக்கு எங்க காத ஏம்பா கிழிக்கிற?"

அச்சொல் வேலினும் கூரியதாய்த் தைத்தும் வீரசேனன் தளரவில்லை. பட்டத்தரசியைப் பிரிந்து களம்புகும் காட்சி வந்தது. அகில புவனமும் அஞ்ச ஓர் இறுதி முழக்கம் செய்யக் கருதி மூச்சையெல்லாம் திரட்டி வாய்திறந்தான். காற்று வந்தது, குரல் வரவில்லை. மீண்டும் திறந்தான், மீண்டும் காற்றே. மன்னன் நிற்பது கண்டு மிருதங்கம் நின்றது, ஆர்மோனியம் நின்றது, கொட்டகை முழுவதும் ஓசையற்று உறைந்தது.

அதிகாரி திடுக்கிட்டு விழித்தார்.

"என்ன ஸ்டேஷன்?"

"திருப்பாதிரிப்புலியூருங்க," என்றாள் அரசி குணசுந்தரி, முகபாவம் சற்றும் மாறாமல். "எறங்கிடாதீங்க. நாடகம் இன்னும் பாக்கி இருக்கு."

கொட்டகை சிரித்தது. சக்கரபாணி சிரிக்கவில்லை, கூச்சத்தோடு நிமிர்ந்தமர்ந்து மேடையையே நோக்கினார். குரலிழந்த மன்னனோ வேறு வழியின்றி அரசியின் கைகளைப் பற்றினான். பேச நினைத்ததெல்லாம் விரலில் நடுங்கிற்று. மல்லாட்டை மூட்டைகள் கண்முன் எழ, அவன் கண்ணீர் மீசையின் பசையைக் கரைத்தது. மீசை ஒருபுறம் தொங்கிய அக்கோலத்தில் அவன் விடைபெற்று நடந்தபோது ஒருவரும் நகைக்கவில்லை. ராணியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

திரை விழுந்ததும் அதிகாரி மேடையேறினார்.

"ராஜா பேசாத எடந்தான் ரொம்ப நல்லாருந்துச்சு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மொதப் பாதிய நான் பாக்கல. பாக்காம கையெழுத்துப் போட்டா தப்பு. அதையும் இதே மாதிரி ஆடிக் காட்டுவீங்களா?"

"அவுருக்கு இப்ப வேற மாதிரி ஆடவும் முடியாதுங்க," என்றாள் குணசுந்தரி.

ஆகவே வீரசேனன் இரண்டாம் முறை அரியணை ஏறினான். யாரங்கே என்பதை விரலசைவால் வினவினான். படைரகசியத்தை மந்திரியின் காதுக்கருகே உதடசைத்தே உரைத்தான். அரசியை ஓசையின்றி மணந்தான். போன அவை மீண்டு வந்து நிறைந்தது. அதிகாரி கொட்டாவி ஒன்றும் விடாது கண்டார், கடைசியில் கையொப்பமும் இட்டார். கொட்டகைக்காரர் மண்டிக்காரரின் முன்பணத்தைத் திருப்பினார். தேவநாதன் கொத்சுப் போர் தோற்றதறிந்து பெருமூச்செறிந்தான். தென்னார்க்காட்டின் மானியம் கொண்ட கோமான், மாதேவி நித்திரையை மௌனத்தால் வென்ற மகாரதன், முழங்காமல் முடிகாத்த முதல்வன் என்று எண்டிசையும் ஏத்தப் பூவராகன் புகழ்க்கொடி நாட்டினான்.

அதற்கப்புறம் ஒரு வாரம் அவன் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்புளித்தான்.