மல்லாட்டை விலையின் மெழுகுவத்திகள்

நடந்து முடிந்ததைச் சொல்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் பெயர் சாட்சி. நடக்கப்போவதைச் சொல்கிறவர்களையும் தெரியும். அவர்களுக்குப் பெயர் ஜோசியர். இந்த இரண்டிலும் சேராத ஓர் இனம் உண்டு. நடந்ததைப் படமாகப் போட்டு, அந்தப் படத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு நடக்கப்போவதைச் சொல்லி, சொன்னது நடக்காமல் போனதும், 'அதுவும் படத்திலேயே இருக்கிறதே!' என்று காட்டுகிற இனம். ஜோசியராவது தட்சணை கேட்பார். இவர்கள் கேட்பதில்லை. அதனால்தான் இவர்களிடமிருந்து தப்புவது கஷ்டம்.

அறுபத்து மூன்றாம் வருஷத்தில் நெய்வேலிக்கு வாய்த்தவர் சிவப்பிரகாசம். சுரங்கத்து டிராயிங் ஆபீசில் டிராஃப்ட்ஸ்மேன். பென்சிலைச் சீவினால் ஊசி தோற்கும். ஆபீசுக்கு வந்த ஜப்பான் அளவுகோல் ஒன்றைச் சுற்றியிருந்த பழைய செய்தித்தாளில், வரிசை வரிசையாக மெழுகுவத்தி போல ஏதோ அச்சாகியிருந்ததை ஒருநாள் பார்த்தார். "ஜப்பான்ல அரிசி வியாபாரிங்க விலையை இப்படித்தான் படம் போடுவாங்களாம்" என்று பம்பாய் போய்வந்த மேலதிகாரி ஒருவர் விளக்கினார். அவ்வளவுதான். அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தவர், ஜப்பானில் அரிசிக்கு எரிந்த மெழுகுவத்தியைப் பண்ருட்டிச் சந்தையில் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, ஏற்றிவிட்டார்.

கணக்கு சுலபம். காலையில் சந்தை திறந்த விலைக்கும் மாலையில் மூடிய விலைக்கும் நடுவே ஒரு கட்டை. இடையில் ஏறிய உச்சம்வரை மேலே ஒரு திரி. இறங்கிய அடிவரை கீழே ஒரு வால். விலை ஏறி மூடினால் கட்டை வெள்ளை, இறங்கி மூடினால் கறுப்பு. வாரச் சந்தையன்று பண்ருட்டி பஸ் கண்டக்டர் கலியன் நான்கு விலையையும் டிக்கெட்டின் பின்னால் குறித்துக்கொண்டு வந்து கொடுப்பார். சிவப்பிரகாசம் குளித்து, திருநீறு பூசி, கிராஃப் தாளை விரித்து, கட்டை போடுவார். அந்த நேரத்தில் அவர் மனைவி கனகம் பாத்திரத்தைக்கூட ஓசையில்லாமல்தான் வைக்க வேண்டும்.

உருவங்களுக்கு அவரே பெயரும் சூட்டியிருந்தார். நீண்ட வாலோடு சின்னக் கட்டை வந்தால் 'சுத்தியல்': விலை தரையைத் தட்டிவிட்டது, இனி எழும்பும். மூன்று வெள்ளை அடுத்தடுத்து நின்றால் 'மூணு மாப்பிள்ளை': ஏறும், சந்தேகமே இல்லை. முதன்முதலாகச் சுத்தியல் விழுந்த தடவை, அவர் சொன்னபடியே விலை எழும்பவும் செய்தது.

அந்த ஐப்பசியில் மூன்று மாப்பிள்ளைகளும் வந்து நின்ற சமயம் பார்த்து, கனகத்தின் அண்ணன் பன்னீர்செல்வம் குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்தார்.

"இருவது மூட்ட மல்லாட்ட வூட்டுல அடுக்கிகினு கெடக்குது மாப்ள. தையில பொண்ணுக்குக் கல்யாணம். இந்த வாரமே சந்தையில போட்டுறலாம்னு பாக்கறேன்."

"அவசரப்படாதீங்க மச்சான். இங்க பாருங்க, மூணு மாப்பிள்ளை வரிசையா நிக்கிறாங்க. கார்த்திகை வரைக்கும் பொறுங்க."

பன்னீர்செல்வம் படத்தை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "மழ வருமான்னு இதுல தெரியுமா மாப்ள?"

"இது விலைப் படம் மச்சான்."

படித்த மனிதர், தங்கை புருஷன், அதிலும் பர்மனென்ட் வேலை. மீறி எப்படிப் போவது? பொறுத்தார்.

அடுத்த வாரம் ஒரு கறுப்புக் கட்டை. "மூச்சு வாங்குது" என்றார் சிவப்பிரகாசம். அதற்கடுத்த வாரம் இன்னும் நீளமான கறுப்பு. "பயந்தவங்க வித்துட்டு ஓடட்டும்." மூன்றாம் வாரம் கறுப்புக்குக் கீழே ஒரு வால் தொங்கியது. மனிதர் துள்ளிவிட்டார். "சுத்தியல்! அடிமட்டம் இதுதான்!" என்று மச்சானுக்குத் தபால் கார்டு போட்டார். கார்டு போய்ச் சேர்ந்த அன்று குறிஞ்சிப்பாடியில் பிடித்த மழை ஐந்து நாள் விடவில்லை. கூரை ஒழுகி, அடி மூட்டைகளில் மல்லாட்டை முளைவிட்டது.

பன்னீர்செல்வம் யாரையும் கேட்கவில்லை. மிச்சத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கிடைத்த விலைக்குத் தள்ளினார். தையில் நடக்க வேண்டிய கல்யாணம் வைகாசிக்குப் போயிற்று. மாப்பிள்ளை வீட்டார் தள்ளிவைக்கச் சம்மதித்ததே பெரிய காரியம்.

விஷயம் கேள்விப்பட்ட சிவப்பிரகாசத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதை மறைத்தால் பாவம். ஷிப்ட் விட்டு வருகிற வழியில் வறுத்த கடலை விற்கும் வள்ளியம்மாளிடம் போய் நின்றார். தினமும் அவளிடம்தான் ஒரு பொட்டலம் வாங்குவார்.

"என்னா சார், மூஞ்சி தொங்கிகினு இருக்குது?"

"மல்லாட்டை விலை இப்படி விழுந்திடுச்சே!"

"வுழாம? பண்ருட்டில பெரிய எண்ண மில்லுல மிசினு ஒடஞ்சி ஒரு மாசமா மூடிக் கெடக்குது. அவங்க வாங்கலன்னா வேற யாரு வாங்குவாங்க? சந்தைக்குப் போற எல்லாருக்கும் தெரியும். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

இந்த இடத்தில் நீங்களோ நானோ என்ன செய்திருப்போம்? தலையில் கைவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருப்போம். சிவப்பிரகாசத்தின் முகமோ மலர்ந்தது.

"அதான் பாரு! மில்லு மூடினது படத்துலயே விழுந்திருக்கு. மூணு கறுப்பு!"

மறுவாரம் மில் திறந்தது. விலை குபீரென்று ஏறியது. வெள்ளைக் கட்டை, அந்த வருஷத்திலேயே பெரியது. தாளை ஆட்டிக்கொண்டு அடுப்படிக்கே ஓடினார்.

"கனகம்! ஏறிடுச்சு! நான் சொன்னேனா இல்லியா?"

கனகம் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"ஏறட்டுங்க. எங்க அண்ணன் மூட்ட அடுக்கின எடத்துல இப்ப எலிதான் ஏறிகினு இருக்குது."

அந்த ஒரு வார்த்தை அவரை என்னவோ செய்துவிட்டது. கூடத்துக்குப் போனார். மூன்று கறுப்புக் கட்டைகளையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு, ரப்பரை எடுத்து அழித்தார். வாரத்துக்கு ஒரு கட்டை என்று போட்டதுதான் பிழை என்று அவருக்குப் புலப்பட்டது. ஒன்றரை மாதத்தையும் சேர்த்து ஒரே கட்டையாகப் போட்டார். கறுப்புகள் மூன்றும் கரைந்து ஒரு நீண்ட வாலாயின. மேலே அழகான வெள்ளை. மச்சானின் மல்லாட்டை முளைவிட்டது அந்த வாலில் எங்கோ ஒரு மயிரிழை இடத்தில்தான். நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

சரி, ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். மச்சானை அவர் பொறுக்கச் சொன்ன உடனேயே, விலை விழப்போகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டதல்லவா? எப்படித் தெரிந்தது? அந்த மில்லை நீங்கள் பார்த்ததில்லை. சந்தை நிலவரத்தை யாரிடமும் விசாரித்ததில்லை. இதுவரை படித்த கதைகளின் வளைவு நெளிவை வைத்துக்கொண்டு, இந்தக் கதை இப்படித்தான் போகும் என்று கோடு போட்டீர்கள். பலித்தும்விட்டது.

பலித்ததுதான் எனக்குக் கவலை. சிவப்பிரகாசத்துக்கும் முதல் தடவை பலிக்கத்தான் செய்தது.