முட்டைக்கு மண்டை ஓடு வரைந்தவன்

நாமக்கல் பக்கம் பிறந்தவனுக்குக் கோழியைப் பற்றி எல்லாம் தெரியும் என்று உலகம் நம்புகிறது. எங்கள் வீட்டில் இருந்ததோ தறி. கோழியை நான் நெருங்கிப் பார்த்ததெல்லாம் குழம்பில்தான். ஆனால் உலகமே நம்பும்போது நான் ஒருவன் எதற்கு மறுப்பானேன் என்று விட்டுவிட்டேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

தொண்ணூறுகளின் கடைசி. புதுப்பட்டினத்தில் காதர் பாய் வீட்டு மாடியில் நானும் செல்வியும் குடியிருந்தோம். எனக்கு ஆபீஸில், ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. (அந்த ஊரில் ‘ஆபீஸ்’ என்றால் ஒரே ஆபீஸ்தான், பக்கத்திலிருந்த அணுமின் நிலையம். நான் எடுத்துக் கொடுத்தது போல்ட்டும் நட்டும். கடைத்தெருவில் என்னை விஞ்ஞானி என்று நினைத்தார்கள். அதையும் நான் மறுக்கவில்லை.) “நாமக்கல்காரராச்சே, நீங்க கோழி வளர்க்காம யாரு வளர்க்கிறது?” என்று பாய் பின்பக்கத்தில் இடம் கொடுத்தார். நாலு நாட்டுக்கோழி வாங்கிவிட்டேன்.

கோழிகளுக்குச் சளி பிடித்தது. மூக்கு ஒழுகி, கர்கர் என்று மூச்சு விட்டன. மாட்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் ஒரு பவுடர் பாக்கெட்டைக் கொடுத்தார்.

“இது ஆன்டிபயாடிக். தண்ணியில கலந்து குடுங்க. மருந்து முடிஞ்சப்புறமும் நான் சொல்ற வரைக்கும் முட்டையைச் சாப்பிடக் கூடாது, யாருக்கும் குடுக்கவும் கூடாது.”

“வேகவெச்சா மருந்து போயிடாதா டாக்டர்?”

“போகாது சார். நாய், காக்கா தின்னாத மாதிரி ஆழமாப் புதைச்சிடுங்க.”

இவ்வளவுதான் விஷயம். இதை நான் கீழே போய்ச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே கிடையாது. ஆனால் நாமக்கல்காரன் வீட்டுக் கோழிக்குச் சளி என்று எந்த வாயால் சொல்வது? அந்த வாரம் பார்த்து பாயின் மனைவி மும்தாஜ் அக்கா மாடிப்படியில் நின்று கேட்டார்.

“தம்பி, ஞாயித்துக்கிழமை ஃபரிதாவைப் பொண்ணு பார்க்க செய்யூர்லருந்து வராங்க. வட்டலாப்பம் பண்ணணும். நாட்டு முட்டை கொஞ்சம் குடுப்பீங்களா?”

வட்டலாப்பம் என்பது முட்டையும் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் இனிப்பு. முட்டை இல்லாமல் அது இல்லை.

“கோழி இப்ப முட்டையே வைக்கிறதில்லக்கா” என்றேன். மூச்சுத் திணறல் நின்ற கோழிகள் போட்டி போட்டுக்கொண்டு முட்டையிட்ட வாரம் அது. படிக்கட்டுக்கு அடியில் வாளி நிரம்பிக்கொண்டிருந்தது.

ஞாயிறு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்கூடத்தில் இருப்பார்கள், பின்பக்கம் யாரும் வரமாட்டார்கள், வாளியைக் காலிசெய்ய இதுவே நேரம் என்று கணக்குப் போட்டேன். ஆபீஸ் பாதுகாப்பு வகுப்பில் கற்றதை எல்லாம் அன்று கோழிமுட்டைமேல் காட்டினேன். முழங்கை வரை ரப்பர் கையுறை, வாயில் கட்டிய துண்டு, செல்வியின் மழைக்கோட்டு. தெருப்பிள்ளைகள் தோண்டிவிடக் கூடாதே என்று அட்டையில் ‘ஆபத்து! தோண்டாதே!’ என்று எழுதி, சிவப்பு மையில் ஒரு மண்டை ஓடும் வரைந்திருந்தேன். (நன்றாகவே வந்திருந்தது.)

பெண்கள் உள்ளறையில்தான் உட்காருவார்கள் என்பதும், உள்ளறை ஜன்னல் பின்பக்கம் பார்த்திருக்கும் என்பதும் கணக்கில் வரவில்லை.

“யாரும்மா அது? இன்னாத்தைப் பொதைச்சிகினு கீறாரு?” மாப்பிள்ளையின் அம்மா குரல்.

“எங்க மாடி வூட்டுக்காரரு. ஆபீஸ்ல வேலை...” மும்தாஜ் அக்கா எட்டிப் பார்த்தார். வாளியையும் பார்த்தார்.

“ஆபீஸா? முட்டையப் போயி ஏன் பொதைக்கணும்? முட்டையில கரண்ட்டு கிரண்ட்டு ஏறிக்கீதா?”

“பயப்படாதீங்கம்மா! கதிர்வீச்செல்லாம் இல்லை!” என்று துண்டுக்குள்ளிருந்து கத்தினேன். நான் ‘இல்லை’ என்று சொன்ன பிறகுதான் அந்த வார்த்தையே அவர்கள் நினைவுக்கு வந்தது.

கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது. “இந்த வட்டலாப்பத்துல எந்த முட்டைம்மா போட்ட?”

“கடை முட்டைதாங்க!”

“வூட்ல கோழி வெச்சிகினு கடையில ஏன் வாங்குன?”

“அவரு, கோழி முட்டையே வைக்கலைன்னாருங்க...”

எல்லாக் கண்களும் வாளிமேல். சற்று நேரத்தில் முன்பக்கம் “வண்டிய எடுப்பா” என்று யாரோ சொன்னார்கள். ஃபரிதாவுக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இந்தப் பையனின் போட்டோவைப் பார்த்ததிலிருந்து அவள் தானாகச் சிரிக்கிறாள் என்று செல்வி சொல்லியிருந்தாள். நாலு கோழியின் சளியை மறைக்கப் போய் ஒரு பெண்ணின் கல்யாணத்தையே குழியில் தள்ளிவிட்டேனே என்று அழுகை வந்தது. துண்டு இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அப்போது மாப்பிள்ளையே பின்பக்கம் வந்தார். பெயர் சாதிக். மதுராந்தகத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். என்னைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், கோழிகளைப் பார்த்தார்.

“கோழிக்கு ஒடம்பு சரியில்லையா சார்?”

நான் நாமக்கல் மானத்தைக் காக்க வாயைத் திறப்பதற்குள் செல்வி மாடியிலிருந்து, “சளிங்க! டாக்டர் பவுடர் குடுத்தாரு!” என்று கத்தியபடி பாக்கெட்டோடு ஓடிவந்தாள். சாதிக் அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். பிறகு ஜன்னலைப் பார்த்து, “அம்மா, இது கோழிக்குக் குடுக்கிற ஆன்டிபயாடிக்மா. முட்டையில இறங்கும், வேகவெச்சாலும் போவாது. நாம தின்னக் கூடாதுன்னுதான் பொதைக்கிறாரு. நல்ல காரியம்தான்” என்றார்.

என் பக்கம் திரும்பினார். “எல்லாம் சரி சார். மண்டை ஓடு எதுக்கு சார்?”

சமையலறைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. ஃபரிதாவின் சிரிப்பு. அடக்கப் பார்த்து, முடியாமல், மறுபடி வெடித்தது. சாதிக் காதுவரை சிவந்துபோய்க் கோழிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அங்கிருந்து நகர மனமில்லை.

“அத்த வாயத் தொறந்து சொன்னா இன்னா?” என்று அவர் அம்மா என்னை ஒரு பிடி பிடித்துவிட்டு, வட்டலாப்பத் தட்டைத் திரும்பக் கையில் எடுத்தார். வண்டி மாலையில்தான் கிளம்பியது. மும்தாஜ் அக்கா மட்டும், “முட்டையே வைக்கலைன்னீங்களே தம்பி” என்று கல்யாணம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிக்காஹ் விருந்தில் மாப்பிள்ளையே என் இலைக்கு வந்து, “சார், தைரியமாச் சாப்பிடுங்க, கடை முட்டை” என்றார். அதோடு முடியும் என்று நினைத்தேன்.

போன மாதம் செய்யூரில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். ஃபரிதாவின் மகள் எல்லோருக்கும் வட்டலாப்பம் கொண்டுவந்தாள். என் தட்டில் மட்டும் நடுவே ஒரு தீக்குச்சி நின்றது. அதில் துண்டுத் தாள் கொடி, சிவப்பு மையில் மண்டை ஓடு. (மூக்கு சரியாக வரவில்லை. என்னுடையது இதைவிட நன்றாக இருந்தது.)