கடவுள் தர வேண்டிய கடைசிக் காட்சி

இடைவேளை முடிந்து மணியும் அடித்தாகிவிட்டது. நாடகத்தின் கடைசிக் காட்சி இன்னும் எழுதப்படவில்லை.

"சார், வசனம்?" என்றார் இயக்குநர். காலையிலிருந்து கேட்டுக் கேட்டு அவருக்குத் தொண்டை வறண்டிருந்தது.

"வரும்யா. நானா எழுதறேன்? கடவுள் குடுக்கறார், நான் வாங்கி வைக்கறேன். என்னைக்காவது கைவிட்டிருக்காரா?"

நாடகாசிரியர் இதைப் பேட்டியிலும் சொல்வார், பால்காரரிடமும் சொல்வார். தலையைத் தாழ்த்திக்கொண்டுதான் சொல்வார். நெஞ்சு மட்டும் ஒரு சுற்று பெருத்துவிடும். இன்றைக்கு முன்வரிசையில் மனைவியோடு அவள் பிறந்த வீடே உட்கார்ந்திருந்தது. "எழுதறதெல்லாம் ஒரு வேலையா மாப்பிள்ளே?" என்று கல்யாணத்தன்றே கேட்ட மாமனார் நட்டநடுவில் இருந்தார். மானம் போனால் இன்றோடு போனதுதான்.

"ஒரு பாட்டைப் போட்டு இழுங்க" என்றார் நாடகாசிரியர். கதாநாயகன் இழுத்தான். மூன்றாவது சரணத்தில் அவன் குரல் கட்டிக்கொண்டது.

"அப்ப இடி, மின்னல் விடுங்க." விட்டார்கள். வெளியே நிறுத்திய வண்டி நனையுமே என்று பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அவசரமாக விளக்கைப் போட வேண்டியதாயிற்று. திரை இழுப்பவர் திரையை இறக்கினார்.

"தம்பி, நீ நடுவுல முட்டி போட்டு எதையாவது பேசு" என்றார் நாடகாசிரியர், கதாநாயகனிடம்.

அவனுக்கு வந்ததே கோபம்! "ஒத்திகையில ஒரு 'ஐயோ' சேர்த்ததுக்கு அத்தனை பேர் முன்னாடி திட்டினீங்களே! இப்ப எதையாவது பேசணுமா?" கட்டிய குரலிலேயே கத்திவிட்டு, மேக்கப் அறைக்குள் புகுந்து தாழ்போட்டுக்கொண்டான். இயக்குநர் பின்னாலேயே ஓடினார்.

மேடையில் நாடகாசிரியர் தனியாக நின்றார். திரைக்கு அந்தப் பக்கம் விசில் பறந்தது. அப்படியே மண்டியிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கடவுளே, வாயில உன் பேரைச் சொன்னேன். உள்ளுக்குள்ள எல்லாம் என் கெட்டிக்காரத்தனம்னுதான் நெனச்சேன். இப்ப ஒண்ணுமே இல்லாம நிக்கறேன். ஒரே ஒரு வரி குடு. மாமனார் முன்னாடி என்னைக் கவுத்துடாதே!"

சொல்லிவிட்டு நிஜமாகவே அழுதார்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. கண்ணைத் திறந்தால், திரை மேலே இருக்கிறது! அரங்கமே எழுந்து நிற்கிறது. மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "என் மாப்பிள்ளைய்யா! நாடகத்துல என்னையும் சேர்த்துட்டார்!" என்று பக்கத்து இருக்கைக்காரரை உலுக்கிக்கொண்டிருந்தார். நாடகாசிரியருக்கு அப்படி ஒரு பெருமை. திரும்பத் திரும்ப வணங்கினார்.

கூட்டம் கலைந்ததும் மனைவி ஓடி வந்தாள். "எங்கிட்டகூடச் சொல்லாம வச்சிருந்தீங்களே! இதுவும் கடவுள் குடுத்ததா?"

அவளிடம் மட்டும் அவருக்குப் பொய் வராது. "கடவுளும் இல்ல, நானும் இல்ல. ஒருத்தர் தவறிப்போய்த் திரையைத் தூக்கிட்டார். பெருமையெல்லாம் அவருக்குத்தான்."

நேராகப் போய்த் திரை இழுப்பவரைக் கட்டிக்கொண்டார். "என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க ஐயா! அந்த நேரத்துல திரையைத் தூக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

அவர் திருதிருவென்று விழித்தார். "நான் எங்க சார் தூக்கினேன்? நாங்க அத்தனை பேரும் அப்ப மேக்கப் ரூம் கதவையில்ல உடைச்சிட்டிருந்தோம்!"