கம்பெனியில் வந்தபடியே

குமிழ் கையோடு வந்துவிட்டது.

காருக்குள் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கறுப்புக் குமிழ். வலப்பக்கம் திருகினால் ரேடியோ பாட வேண்டும். அவர் திருகினார், ரேடியோ பாடவில்லை, குமிழ் கழன்றது. அதைத் திரும்பப் பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி திருகினார். பச்சை விளக்குகூட எரியவில்லை.

கார் அவருடையதாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அது மாமனாரின் கார். இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வயது முப்பத்தொன்று. மாமனார் பழைய கார்ச் சங்கத்தின் தலைவர். அந்தச் சங்கத்துக்கு ஒரே ஒரு விதிதான்: எல்லாம் கம்பெனியில் வந்தபடியே இருக்க வேண்டும். ஹாரனை மாற்றிய குற்றத்துக்காக ஒரு பல் டாக்டரை மாமனார் பொதுக்குழுவில் எழுந்து நிற்கச் சொல்லி, அப்படியே வாசல்வரை நடக்கவும் சொல்லியிருக்கிறார். பல் டாக்டர் இன்றைக்கும் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர், மூத்த மகள் வீட்டுக்கு இரண்டு வாரம் போகும்போது சாவியை இவரிடம் கொடுத்திருந்தார்.

"தினமும் காலையில பத்து நிமிஷம் இஞ்சினை ஓட விடுங்க மாப்பிள்ளை. ஈரத்துணியால துடைங்க. ரேடியோவையும் போட்டுப் பாருங்க. சும்மா கிடந்தா எதுவும் கெட்டுப் போயிடும்."

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் மாமனார் அவரை நம்பி ஒப்படைத்த முதல் பொருள் அது. அதற்கு முன் ஒரு குடையைக்கூடக் கொடுத்ததில்லை. மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் வேலை. பத்து மாத்திரை கொடுக்க வேண்டுமென்றால் மூன்று தடவை எண்ணிவிட்டுத்தான் கொடுப்பார். அப்படிப்பட்டவர், சாவி கைக்கு வந்த முதல் நாளான நேற்று, ரேடியோ பக்கமே போகாமல், ஈரத்துணி போதாதென்று ஹோஸ் குழாயைப் பிடித்துக் காரைக் கழுவியிருந்தார். கண்ணாடி இரண்டு விரற்கடை இறங்கியிருந்ததைக் கழுவி முடித்த பிறகுதான் பார்த்தார்.

"அப்பாவுக்கு போன் பண்ணி உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

மூன்று தடவை எண்ணை அழுத்திவிட்டு மூன்று தடவையும் துண்டித்தார். நான்காவது தடவை மாமனாரே கூப்பிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, வண்டி சௌக்கியமா?"

"சௌக்கியம் மாமா."

"ரேடியோ?"

மாப்பிள்ளையின் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிரிந்தபோது அதிலிருந்து வந்த வார்த்தை அவருக்கே புதிதாக இருந்தது.

"பாடுது மாமா."

"சந்தோஷம்" என்று வைத்துவிட்டார் மாமனார்.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

"இனிமே அது பாடியே ஆகணும்."

தெருமுனையில் கார் ஸ்டீரியோ கடை வைத்திருந்தவரை எல்லாரும் வூஃபர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சாதாரணமாகப் பேசினாலே எதிரில் இருக்கும் தம்ளர் அதிரும். காரை வெளியே எடுத்துப் போனால் சங்கத்துக்காரர்கள் யார் கண்ணிலாவது படும் என்பதால், மாப்பிள்ளை அவரைத் தாங்களும் மாமனாரும் குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தள வண்டி நிறுத்தத்துக்கே அழைத்து வந்தார். அங்கே ஒரே ஒரு ஆபத்து, வாட்ச்மேன். மாமனார் என்ன கேட்டாலும் ஒப்பிக்கிற ஆள். நல்லவேளையாக அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

வூஃபர் அண்ணன் ரேடியோவை வெளியே இழுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தண்ணி இறங்கியிருக்கு சார்."

"கொஞ்சம் மெதுவா பேசுங்க."

"இதுதான் சார் மெதுவு. ஒயரையும் எலி கடிச்சிருக்கு."

"ரெண்டுமா?"

"ரெண்டும். பாவம் சார் இந்த ரேடியோ. யார் வயித்தெரிச்சலோ."

மாப்பிள்ளை மனதுக்குள் கணக்குப் போட்டார். தண்ணீர் அவர் ஊற்றியது. எலிக்கும் அவர்தான் பொறுப்பு. சாவி அவரிடம் இருக்கும்போது வந்த எலி அல்லவா?

"இதுக்குள்ள போடறதுக்குப் பழைய பார்ட்ஸ் கிடைக்காது" என்றார் வூஃபர் அண்ணன். "ஒண்ணு செய்யலாம். முகத்தை அப்படியே வெச்சுக்கிட்டு வயித்தை மட்டும் மாத்திடறேன். அதே பட்டன், அதே குமிழ், அதே பச்சை விளக்கு. உள்ள மட்டும் புதுசு."

"வெளியே பாத்தா தெரியாதே?"

"பெத்த கம்பெனியே வந்து பாத்தாலும் தெரியாது."

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை ஒரு எலிப்பொறி வாங்கிவந்து காருக்கு அடியில் வைத்தார். மறுநாள் அதில் வாட்ச்மேனின் செருப்பு மாட்டியிருந்தது.

"இங்க எலியே கிடையாது சார்" என்றார் வாட்ச்மேன், ஒற்றைக்காலில் நின்றுகொண்டு. தன் காவலில் எலி புகுந்ததை எந்த வாட்ச்மேன்தான் ஒத்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டார் மாப்பிள்ளை.

புதிய வயிறு வந்தது. குமிழைத் திருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது. அடுத்த நொடி கதவுகளுக்குள் ஏதோ டர்ரென்று கிழிந்தது.

"புது செட்டு பலசாலி சார். பழைய ஸ்பீக்கர் காகிதத்துல செஞ்சது. தாங்கலை."

"அப்ப?"

"ஸ்பீக்கரையும் மாத்திடலாம். மேல இருக்கிற வலை அதேதான். உள்ள இருக்கிறது யாருக்குத் தெரியப் போகுது?"

ஸ்பீக்கர் மாறியது. பாட்டு பிரமாதமாக வந்தது. ஆனால் கண்ணாடி இறங்க மறுத்தது. புது ஸ்பீக்கரின் காந்தம் கதவுக்குள் குறுக்கே நின்றது. ஸ்பீக்கரைக் கொஞ்சம் வெளியே தள்ளி ஒரு வளையம் வைத்தார்கள். கண்ணாடி இறங்கியது, வலை அரை விரற்கடை வெளியே துருத்திக்கொண்டது. வலையைத் தட்டி உள்ளே தள்ளினார்கள். இப்போது தாழ்ந்த சுரம் வரும்போதெல்லாம் கதவு பல்லைக் கடித்தது. உள்ளே கம்பளித்துணி ஒட்டினார்கள். பல்லைக் கடிப்பது நின்றது. கதவைச் சாத்தும்போது வந்த பழைய 'டங்' போய், தலையணையில் குத்தின மாதிரி 'தொப்' என்றது.

"இந்தச் சத்தத்தை அவரு கண்டுபிடிச்சிடுவாரு" என்றார் மாப்பிள்ளை.

"நீங்க அவருக்கு முன்னாடி ஓடிப்போய்க் கதவைத் திறந்து, மெதுவா சாத்துங்க. மரியாதைன்னு நினைச்சுப்பாரு."

ஐந்தாம் நாள் காலையில் கார் கிளம்பவே இல்லை. புது ஸ்பீக்கர்களுக்குச் சத்தம் கூட்டுவதற்காகச் சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த ஆம்ப்ளிஃபையர் பேட்டரியை உறிஞ்சிக் குடித்திருந்தது. புது பேட்டரி வாங்கி, பழைய பேட்டரியின் மேல்மூடியைக் கழற்றி அதன் தலையில் தொப்பி மாதிரி ஒட்டினார் வூஃபர் அண்ணன். ஒயரை வேறு பாதையில் இழுத்தார். அதன் பிறகு இடப்பக்கம் திரும்ப விளக்குப் போட்டால் ஸ்பீக்கரில் டிக் டிக்கென்று கேட்டது. அதைச் சரிசெய்ததும் வலப்பக்கம் போட்டால் கேட்டது.

"வலப்பக்கம் திரும்பாம எத்தனை நாள் சார் ஓட்ட முடியும்?" என்று அவரே கேட்டுவிட்டு, அவரே யோசித்து, அதையும் ஒருவழியாக அடக்கினார்.

மாப்பிள்ளை இதற்குள் இரண்டு கிலோ இளைத்திருந்தார். மருந்துக்கடையில் மாத்திரைகளை ஐந்து தடவை எண்ணினார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். காலை டியூட்டியை மாற்றிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு ஓடினார். வீட்டில் சாப்பிடும்போது டப்பா மூடியை வலப்பக்கம் திருகப் பயந்தார்.

கடைசியாக ஒரு குறைதான் மிச்சம். சாவியைத் திருகியதும் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "இணைப்பு தயார்" என்றது.

"யாரு இது?"

"புளூடூத் சார். உங்க போனைப் பிடிச்சுக்கிச்சு."

"நிறுத்துங்க!"

"நிறுத்த வழியில்லை. வேணும்னா ஆம்பளைக் குரலா மாத்தலாம்."

அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே லிஃப்ட் கதவு திறந்தது. கையில் பெட்டியோடு மாமனார் நின்றார். ஞாயிற்றுக்கிழமை வரவேண்டியவர் சனிக்கிழமையே வந்துவிட்டார்.

வூஃபர் அண்ணன் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, "தண்ணி லாரி வந்துச்சான்னு பாக்க வந்தேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நடந்தார். கீழ்த்தளமே அதிர்ந்தது.

"பதினோரு மணிக்கு சங்கத்துல வருடாந்தர சோதனை" என்றார் மாமனார். "நீங்களும் வாங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை ஓடிப்போய்க் கதவைத் திறந்து, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல் சாத்தினார். மாமனார் சாவியைத் திருகினார்.

"இணைப்பு தயார்" என்றது பெண் குரல்.

மாப்பிள்ளை பலமாக இருமினார். மாமனார் திரும்பிப் பார்க்கவில்லை. பிரதான சாலைக்கு வந்ததும் நிலைமை இன்னும் மோசமானது. மணி அடித்தது. மாப்பிள்ளையின் சட்டைப்பையிலிருந்து அல்ல, இரண்டு கதவு ஸ்பீக்கர்களிலிருந்தும். அவர் போனை வெளியே எடுத்து நிறுத்துவதாக நினைத்து, அவசரத்தில் எடுத்துப் பேசுகிற பட்டனை அழுத்தினார்.

"என்னங்க!" மனைவியின் குரல் காரை நிறைத்தது. மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. "அப்பா ஒரு நாள் முன்னாடியே வந்துட்டாராமே! ஸ்பீக்கர் மாத்தினதைக் கண்டுபிடிச்சிட்டாரா? எது கேட்டாலும் தலையை ஆட்டிக்கிட்டே இருங்க, ஒத்துக்காதீங்க!"

போன் அணைந்தது. மாப்பிள்ளை கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பொதுக்குழுவில் எழுந்து நின்ற பல் டாக்டரின் முதுகு அவருக்குள் தெரிந்தது.

மாமனார் கியரை மாற்றினார். "ரேடியோவுல நாடகம் போடறாங்க போலிருக்கு" என்றார்.

அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை இல்லை. மாமனாருக்குக் காது மந்தமாகிவிட்டதா, அல்லது சங்கத்தில் எல்லார் முன்னாலும் வைத்து உரிப்பதற்காகக் காத்திருக்கிறாரா என்று தெரியாமல் மாப்பிள்ளை வழியெல்லாம் வியர்த்தார்.

சங்கத்தின் செயலாளரை உறுப்பினர்கள் பூதக்கண்ணாடி என்பார்கள். அவர் கையில் எப்போதும் அது இருக்கும். இஞ்சினைப் பார்த்தார், பேட்டரியின் தலையைத் தடவினார், மாப்பிள்ளையின் இதயம் நின்றது. கையை எடுத்தார், ஓடியது. வலையை மோந்துகூடப் பார்த்தார். ரேடியோவின் பட்டன்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"எல்லாம் கம்பெனியில வந்தபடியே இருக்கு. பாட விடுங்க தலைவரே, கேட்போம்."

மாமனார் குமிழைத் திருகினார். எங்கோ ஒரு வீணை. ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக, பக்கத்தில் உட்கார்ந்து மீட்டுவதுபோல் கேட்டது. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பூதக்கண்ணாடி கையிலிருந்த கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"முப்பத்தோரு வருஷத்து ரேடியோவா இது?"

"நான் ஒரு ஒயரைக்கூட மாத்தலை" என்றார் மாமனார். "வேணும்னா மாப்பிள்ளையையே கேளுங்க. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது."

எல்லாத் தலைகளும் திரும்பின.

"மாமா..." மாப்பிள்ளை குனிந்து குமிழைப் பார்த்தார். "மாமா எதையும் மாத்தலை."

கை தட்டினார்கள். மாமனாருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். அவர் அதை வாங்கி மாப்பிள்ளையின் கையில் வைத்தார். அது சுட்டது.

திரும்பும்போது மாமனார் நேர் வழியில் வரவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சத்தத்தைக் கூட்டி, ஊரையே ஒரு சுற்று சுற்றினார். ஒரு சிக்னலில் பச்சை விழுந்தும் பாட்டு முடியும்வரை நகரவில்லை; பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். குற்றவாளியைத் தவிக்கவிட்டு அப்புறம் கேட்கப் போகிறார் என்று மாப்பிள்ளை முடிவு செய்தார். அவர் எதுவுமே கேட்கவில்லை. கீழ்த்தளத்தில் காரை நிறுத்தி, டேஷ்போர்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறிப் போனார்.

மாப்பிள்ளை கேடயத்தோடு தனியாக நின்றார். அந்தக் கேடயத்தை வீட்டுக்குள் எடுத்துப்போக அவரால் முடியாது. தெரிந்தே மௌனமாக இருக்கும் பெரிய மனிதரிடம் தினமும் எப்படி முகம் கொடுப்பது? ஒன்பது வருடம் காத்திருந்து கிடைத்த நம்பிக்கையை இரண்டே வாரத்தில் பொய்யால் ரொப்பியாயிற்று. மாடிக்குப் போய், காலில் விழுந்து, தண்ணீர் ஊற்றியதிலிருந்து ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, லிஃப்ட் பட்டனை அழுத்தினார்.

"சார்" என்று பின்னால் வாட்ச்மேன் வந்து நின்றார். "வேலையெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா?"

"என்ன வேலை?" மாப்பிள்ளை சட்டென்று திரும்பினார். "நீங்க... மாமாகிட்ட ஏதாவது சொன்னீங்களா?"

"நான் எதுக்கு சார் சொல்லணும்? ஊருக்குப் போற அன்னிக்குக் காலையில பெரியவருதான் கத்தரிக்கோலால ஒயரை வெட்டி, ரேடியோவுக்குள்ள ஒரு சொம்புத் தண்ணியும் ஊத்திட்டு, 'மாப்பிள்ளை ஆளைக் கூட்டிக்கிட்டு வருவாரு, முடியிறவரைக்கும் நீ அந்தப் பக்கமே பாக்காதே'ன்னு சொல்லிட்டுப் போனாரு."