மூன்றாம் எபிசோடில் வந்த ரயில்

டவர் கிடைக்கும் பாறை ஒன்றே ஒன்று இருந்த ஒரு காட்டில், செங்கோடன் என்ற கீரியும் அமலோற்பவம் என்ற முள்ளம்பன்றியும் சேர்ந்து ஒரு ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர் பார்த்து வந்தன. ‘குடைக்கார வீரன்’ என்று பெயர். இரண்டு எபிசோடு வரை நட்பில் குறை இல்லை. மூன்றாவதில் ரயில் வந்தது.

“ரயிலைப் பாத்தீங்களா? கதை நடக்கறது மெய்ஜி காலம்,” என்றது கீரி.

“குடுமியைப் பாத்தீங்களா? அதுக்கு முந்தின எடோ காலம்,” என்றது முள்ளம்பன்றி.

“எடோவுல ஏதுங்க ரயிலு?”

“மெய்ஜியில ஏதுங்க குடுமி?”

பேச்சு தொடக்கப் பாட்டுக்குத் தாவியதும் நிலைமை இன்னும் மோசமானது. நடுவில் வரும் ‘டக்கு டடக்கு’ தாளம் ஜாஸ் என்றது கீரி. கோயில் முரசு என்றது முள்ளம்பன்றி. அன்றோடு இரண்டும் முகம் பார்ப்பதை நிறுத்தின. பாறையின் கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக ரசிகர் மன்றம் வைத்தன. என்ன சண்டை என்றே தெரியாமல் முயல்களும் இரண்டாகப் பிரிந்தன.

இரண்டு மாதம் கழித்து, ஜப்பானிலிருந்து வழி தவறிய தகைவிலான் குருவி ஒன்று அங்கே வந்தது. பெயர் சிஹோ. பேச்சுத்துணைக்கு ஓர் உயிர் இல்லாமல் ஏரிக்கரையில் திரிந்த அதன் காதில் அந்தப் பாட்டு விழுந்தது. பறந்து வந்து, கண் கலங்க நின்றது.

“இது எங்க ஊருப் பாட்டுங்க. இந்தப் படம் வரைஞ்ச ஸ்டுடியோ கூரையிலதான் என் கூடு.”

இரண்டு மன்றமும் ஓடி வந்தன.

“அப்ப நீங்களே சொல்லுங்க. எந்தக் காலம்?”

“ஒரு காலமும் இல்லைங்க. குடுமி வரையறவரு பாதியில வேலையை விட்டுப் போயிட்டாரு. அடுத்து வந்தவருக்கு ரயில்தான் நல்லா வந்துச்சு.”

“அந்தத் தாளம்?”

“பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின். ரெக்கார்டிங் அன்னிக்கு ஜன்னலைச் சாத்த மறந்துட்டாங்க.”

கீரி முள்ளம்பன்றியைப் பார்த்தது. முள்ளம்பன்றி கீரியைப் பார்த்தது.

“நீங்க எத்தனை எபிசோடு பாத்திருக்கீங்க?” என்று குருவியிடம் கேட்டது முள்ளம்பன்றி.

“ஒண்ணும் பாக்கலைங்க. வரையறதைத்தான் பாத்தேன்.”

“ஒரு எபிசோடுகூடப் பாக்கல. நமக்குப் பாடம் எடுக்க வந்துட்டாங்க!” என்றது கீரி.

வெளியேற்றத் தீர்மானத்துக்கு எல்லா முயல்களும் கை தூக்கின.

“ஓரமா உக்காந்து பாட்டை மட்டும் கேட்டுக்கறேனே,” என்று கெஞ்சியது குருவி.

“உறுப்பினருக்கு மட்டும்தான்,” என்றன இரண்டும் ஒரே குரலில்.

குருவி ஏரியின் அக்கரைக்குப் போனது. காற்று அந்தப் பக்கம் அடிக்கும் நாட்களில் மட்டும் அதற்குப் பாட்டு கொஞ்சம் கேட்டது.

இரு மன்றமும் ஒன்றாயின. கதை நடப்பது ‘எடோ–மெய்ஜி இடைக்காலம்’ என்றும், தாளம் ‘ஜாஸ் கலந்த கோயில் முரசு’ என்றும் நண்பர்கள் இருவரும் நாற்பது பக்கத்தில் நிறுவினார்கள். யானை தலைமையில் விழா எடுத்து, அதற்கு அந்த ஆண்டின் சிறந்த ஆய்வுப் பரிசும் கொடுத்தார்கள்.

நீதி: ஆராய்ச்சியில் இறங்குபவர்கள், விஷயம் தெரிந்தவரை முதலில் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டுக்கொள்ள வேண்டும்.