பிரச்சினைக்கு மூணு மணி

பயிற்சி கொடுப்போர் என்றோர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. அடையாளம் சுலபம். தோளில் துணிப்பை, பைக்குள் கட்டுக் கட்டாக ஸ்கெட்ச் பேனா. நாலு பேர் சும்மா நிற்பதைக் கண்டால் போதும், வட்டமாக உட்காரவைத்து, பெயரோடு பிடித்த பழத்தையும் சேர்த்துச் சொல்லவைத்து, கைதட்டவைத்து, சார்ட் பேப்பரை விரித்து, நீடித்த வளர்ச்சியைச் சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுத்துவிடுவார்கள். யார் கேட்டது? அதெல்லாம் கேட்கக் கூடாது. கேள்வி நேரம் கடைசியில்.

நெய்வேலி டவுன்ஷிப் இசக்கிமுத்து இந்த இனத்தின் திலகம். ஷிப்ட் இல்லாத நாளெல்லாம் ஏதாவதொரு கிராமத்தைத் தன்னிறைவு அடையவைக்கக் கிளம்பிவிடுவார். தம் குவார்ட்டர்ஸ் வாசலில் சாக்கடை அடைத்தால்? போன் செய்வார். ஆள் வரும்.

இந்த ஐப்பசியில் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஊரொன்றின் சமுதாயக் கூடத்தில் முப்பது பெண்களுக்கு, ‘நம் ஊரை நாமே உருவாக்குவோம்’ பயிற்சி. பதினோரு மணிக்குக் கனவு கிராமம் வரைய வேண்டும். எல்லாரும் பூங்காவும் சோலார் விளக்குமாய் வரைந்து தள்ள, செல்லக்கிளி மட்டும் ஒரே ஒரு வட்டம் போட்டார்.

“என்னம்மா இது, சூரியனா?”

“ரோட்டுக்கு அடியில போற குழா சார். அடச்சிகினு கெடக்குது. மழ பேஞ்சா கீழத்தெரு பூரா தண்ணி. போன வாட்டி எம் பொண்ணு நோட்டு, புக்கு அத்தினியும் போச்சு.”

“அது பிரச்சினைம்மா. நாம இப்ப கனவுல இருக்கோம். பிரச்சினைக்கு மூணு மணி.”

மழைக்கு யாரும் நிகழ்ச்சி நிரல் கொடுத்திருக்கவில்லை. பதினொன்றரைக்கே கொட்டியது.

“சார், தண்ணி வாசப்படி ஏறிகினு இருக்குது, நாங்க போறோம்!”

“அஞ்சே நிமிஷம்! கருத்துப் படிவம் மட்டும்...”

யார் நின்றார்கள்? கனவு கிராமங்களைத் தலைக்குமேல் குடையாகப் பிடித்தபடி முப்பது பேரும் ரோட்டுக் குழாயைப் பார்த்து ஓடினார்கள். கடப்பாரை வந்தது. மண்வெட்டி வந்தது. யார் தோண்டுவது, யார் அள்ளுவது என்று ஒருவரும் சார்ட் போடவில்லை; ஆளாளுக்கு இடம் பிடித்துவிட்டார்கள். இசக்கிமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை. ரோட்டோரத்தில் நனைந்தபடி கத்தினார்: “மொதல்ல குரூப் பிரிங்கம்மா!”

“பிரிஞ்சாச்சு சார்!” குழாய்க்குள் பாதி நுழைந்திருந்த செல்லக்கிளி திருப்பிக் கத்தினார். “நீங்கதான் எந்த குரூப்லயும் இல்ல. எறங்கி இந்தச் சட்டியப் புடிங்க!”

இறங்கினார். முதல் சட்டிச் சேறு அவர் சட்டைமேலேயே கவிழ்ந்தது. “வயித்துல முட்டு குடுக்காதீங்க சார், இடுப்புல வைங்க” என்றார் செல்லக்கிளி. அன்று அந்த ஊரில் நடந்த முதல் பயிற்சி அதுதான். நாலாவது சட்டிக்கு மனிதர் தேறிவிட்டார்.

எட்டுப் பேர் சேர்ந்து இழுத்ததில் கறுப்பு உருண்டை ஒன்று பிய்த்துக்கொண்டு வந்தது. பிரித்தார்கள். போன வருடப் பயிற்சியின் பிளெக்ஸ் பேனர்! ‘குப்பையில்லா கிராமம்’ என்ற கொட்டை எழுத்துக்குக் கீழே, சேற்றுக்குள்ளிருந்து, இசக்கிமுத்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் ஹோவென்று பாய்ந்தது. அதைவிடச் சத்தமாக ஊர் சிரித்தது. காது மடல் சிவக்க நின்ற மனிதர், பேனரை ஒருமுறை பார்த்தார், தம்மை ஒருமுறை பார்த்தார், பிறகு ரோட்டிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தார். கீழத்தெருவில் ஏறிய தண்ணீர் எந்த அடுப்பையும் தொடாமல் திரும்பிப் போயிற்று.

திருந்தியிருப்பார் என்கிறீர்களா? மறுவாரமே டவுன்ஷிப்பில், ‘அடைப்பெடுக்கும் கலை’ என்று அரைநாள் பயிற்சி நடத்தினார். சிறப்பு விருந்தினர் செல்லக்கிளி. அவர் வரவில்லை. வயலில் வேலை இருந்ததாம்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. ஒன்றே ஒன்று. ‘இதை இன்னாருக்கு உடனே அனுப்ப வேண்டும், படித்தாவது திருந்தட்டும்’ என்று உங்கள் விரல் இந்நேரம் துறுதுறுக்கிறதா?

வணக்கம், பயிற்சியாளரே.