மிதக்கும் துவக்கு

துவக்கு தண்ணீரில் மிதக்க வேண்டுமா, வேண்டாமா என்பதில் கொட்வின் பதினொரு நாளாக முடிவெடுக்க முடியாமல் இருந்தான்.

அவன் பார்த்துவைத்த இரண்டு துப்பாக்கிகளுமே பொயின்ற் இருபத்திரண்டு ரகம்தான். காட்டில் தனியாகப் பிழைக்கப் போகிறவனுக்கு அந்தச் சின்ன ரவையே போதும் என்று அவன் பார்த்த வீடியோக்கள் எல்லாம் சொல்லின. ஐந்நூறு ரவை இரண்டு சீனிப் பக்கெற் பாரம்கூட வராது. சத்தம் குறைவு. முயல் சிதறாது. சிக்கல் அதற்குப் பிறகுதான். முதலாவது துவக்கில் ஒவ்வொரு வெடிக்கும் கைபிடியை இழுத்துத் தள்ள வேண்டும். சேற்றில் விழுந்தாலும் வேலை செய்யும். இரண்டாவது அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும். கழற்றி அதன் பிடிக்குள்ளேயே அடுக்கிவிடலாம். தோணி கவிழ்ந்தால் மிதக்கும்.

கொட்வினிடம் தோணி இல்லை. லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ஒரு வீடும், சுப்பர்மார்க்கற் களஞ்சியத்தில் போர்க்லிப்ட் ஓட்டும் வேலையும் இருந்தன. நாற்பத்தொன்பது வயதுவரை ஒரு நாள்கூடக் கூடாரத்தில் படுத்ததில்லை.

ஆனால் பூனைச் சாப்பாட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பதினேழாம் வரிசையால் போகும்போது, இரண்டு பக்கமும் இருந்த இரும்புத் தட்டுகள் மெதுவாக ஊசியிலை மரங்களாகிவிடும். சீமெந்துத் தரை ஈரமாகும். தூரத்தில் ஸ்கொட்லாந்தின் ஏரி ஒன்று, யாரோ மூச்சுவிட்டுத் துடைக்க மறந்த கண்ணாடிபோல் கிடக்கும். அதன் கரையில் கொட்வின் நெருப்பு மூட்டுவான். ஒருவரும் அவனை ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

அதற்குத்தான் செப்ரெம்பரில் இரண்டு கிழமை லீவு எடுத்திருந்தான். அவன் வாழ்க்கையில் எதையும் அவன் தெரிந்தெடுத்ததில்லை. கனடா என்று ஏற்றிய ஏஜென்ற் லண்டனில் இறக்கினான். கலியாணத்தை மாமா பேசினார். வீட்டை, காரை, திரைச்சீலையை எல்லாம் மனைவி றஜீனா பார்த்தாள். இந்தத் துவக்கையாவது அவனே தெரிந்தெடுக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

குழப்பம் வந்தால் அவன் மாதாவிடம்தான் போவான். மாடியில் சின்ன அறையில் ஓர் இரும்பு அலுமாரி சுவரோடு திருகாணியால் முடுக்கி நின்றது. கோவில் தமிழ்ச் சபையின் மாதா சுரூபம் அதற்குள் இருப்பதாக றஜீனா நாலு வருடத்துக்கு முன் சொல்லியிருந்தாள். வருடத்தில் ஒரு முறை திருநாளுக்கு மட்டும் வெளியே எடுப்பார்களாம். அன்றைக்குப் பார்த்து அவனுக்கு எப்போதும் ஷிப்ட். மூடிய கதவுக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தி முழந்தாளிடுவான்.

"மாதாவே, மிதக்கிறதோ, மிதக்காததோ?"

"மெழுகுதிரியைத் தள்ளி வையுங்கோ!" றஜீனா படியில் நின்று கத்துவாள். "எத்தினை தரம் சொல்லுறது? அலுமாரிக்குக் கிட்ட நெருப்பு வேண்டாம்!"

"மாதாவுக்கு முன்னால மெழுகுதிரி வைக்காமல் வேறை எங்கை வைக்கிறது?"

"ஜன்னல்ல வையுங்கோ. மாதாவுக்குக் கண் தெரியும்."

கடைசியில் மாதா பதில் சொல்லாததால், அனுமதிப் பத்திரத்துக்கு முதலில் எழுதுவோம் என்று கொட்வின் முடிவு செய்தான். படிவம் கேட்ட முதல் கேள்வியே அவனை விழுத்தியது. துவக்கு ஏன் வேண்டும்? 'காட்டில் பிழைக்க' என்று எழுதினான். பிறகு யோசித்துப் பார்த்தான். எழுதியவனுக்கே பயமாக இருந்தது. வெட்டிவிட்டு 'முயல்' என்று எழுதினான்.

முயலுக்கு நிலம் வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரர் வேண்டும். பலசரக்குக் கடை வைத்திருக்கும் அம்பலவாணனிடம் கவுன்சில் கொடுத்த தோட்டத் துண்டு ஒன்று இருந்தது.

"அம்பலம் அண்ணை, உங்கடை தோட்டத்தில முயல் வாறதோ?"

"நரிதான் வரும். அதுவும் ஆரும் எறிஞ்ச கோழிப் பொரியல் பெட்டி தேடி."

"முயல் வருதெண்டு ஒரு கடிதம் தாங்கோவன்."

அம்பலவாணன் பூசணிக்காயைக் கீழே வைத்தார். "தம்பி, என்ரை தோட்டத்துக்கு மூண்டு பக்கமும் வீடு. மற்றப் பக்கம் பள்ளிக்கூடம். நீ எந்தப் பக்கம் பாத்துச் சுடப்போறாய்?"

"சுடமாட்டன் அண்ணை. சும்மா கடிதத்துக்கு. நான் போறது ஸ்கொட்லாந்துக் காட்டுக்கு."

"ஆரோடை?"

"தனிய."

"றஜீனாவும் வாறாவோ?"

"தனிய எண்டால் தனியத்தானே அண்ணை!"

கொத்தமல்லிக் கட்டுகளுக்குப் பின்னால் கோவில் செயலாளர் டொலறஸ் நின்றதை இருவருமே கவனிக்கவில்லை. டொலறஸுக்கு முழுக் கதையும் தேவைப்படுவதில்லை. பாதி கிடைத்தால் மீதியை அவரே நிரப்பிக்கொள்வார்.

ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிக்க அவர் எழுந்தார். மூன்றாவது மன்றாட்டு புதிதாக இருந்தது: "மனைவியைக் கைவிட்டுக் காட்டுக்குச் சென்று துறவியாக நினைக்கும் எங்கள் சகோதரன் ஒருவருக்காக..."

கோவில் முழுவதும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. கொட்வினும் சேர்ந்து சொன்னான். பாவம், யாரோ என்று நினைத்தான். பக்கத்தில் றஜீனா தலையைத் திருப்பி அவனைப் பார்த்தபோதுதான் அந்த யாரோ யார் என்று விளங்கியது.

வீட்டுக்கு வந்ததும் றஜீனா கேத்திலைப் போட்டாள்.

"துறவியோ?"

"இல்லையப்பா. துவக்கு. முயல் சுட."

கத்துவாள் என்று காத்திருந்தான். துவக்கு என்றால் அவளுக்குப் பயம். ரீவியில் வெடிச் சத்தம் கேட்டாலே அறையை விட்டுப் போய்விடுவாள்.

"என்ன துவக்கு?"

"இருபத்திரண்டு."

"மான் கீன் எண்டு நினைச்சுப் போடாதேங்கோ. முயலுக்குத்தான் சரி. காத்தடிச்சால் ரவை விலகிப் போகும்." தேயிலையைக் கலக்கினாள். "எழுதிக் குடுங்கோ. பொலிஸ் வந்து பாத்திட்டுச் சொல்லட்டும்."

"உமக்குக் கோவமில்லையோ?"

"எனக்கேன் கோவம்?"

அந்த அமைதி அவனைப் பயப்படுத்தியது. ஆனாலும் அம்பலவாணனின் தோட்டத்தையே முயல் வரும் நிலமாக எழுதிப் படிவத்தை அனுப்பினான்.

பொலிஸிலிருந்து ஓர் அதிகாரி வந்து வீட்டைப் பார்ப்பார் என்று பதில் வந்தது. துவக்கு வைக்க, சுவரோடு முடுக்கிய இரும்பு அலுமாரி வேண்டும். கொட்வின் ஒன்றை வாங்கி வந்தான். படுக்கையறைச் சுவரில் முதல் துளை போட்டதும் சுவர் பெருமூச்சுவிட்டதுபோல் ஒரு சத்தம். அடுத்த நிமிடம் தண்ணீர்க் குழாய் அவன் நெஞ்சுக்கு நேரே பீய்ச்சியது. கம்பளத்தில் நீர் பரவிப் பரவி, பின்னேர வெயிலில் மினுங்கி, நடுவில் சரிந்து விழுந்த இரும்பு அலுமாரி ஒரு சின்னத் தீவுபோல் படுத்துக் கிடந்தது. கொட்வின் கொஞ்ச நேரம் அந்த ஏரிக்கரையில் நின்றான். நல்ல அமைதி. கீழே இருந்து றஜீனா, சீலிங்கால் ஒழுகுது என்று கத்தினாள்.

மிதக்கும் துவக்கே நல்லது என்று அப்போதுதான் அவனுக்குத் தெளிந்தது.

முடிவு வந்துவிட்டது, அலுமாரி போய்விட்டது. நசிந்த கதவு பூட்டவில்லை. இனி வீட்டில் சுவரோடு நிற்கும் இரும்பு அலுமாரி ஒன்றுதான்.

"மாதாவைக் கொஞ்ச நாளைக்கு டொலறஸ் அக்கா வீட்டை விடுவமே?"

"ஏலாது."

"அந்தச் சாவியையாவது தாரும். உள்ளுக்கு அளந்து பாக்க."

"சாவி எங்கை கிடக்கெண்டு உங்களுக்குச் சொல்லக் கூடாது. அது சட்டம்."

"சபைச் சட்டமோ?"

"சட்டம்," என்றாள் றஜீனா.

புதன்கிழமைகளில் அவளுக்குச் செபமாலை. சபைக் கொடியை நீண்ட கறுப்புப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு ஐந்தரைக்குப் போவாள். முகம் சிவந்து, சந்தோஷமாக எட்டரைக்குத் திரும்புவாள். கொடிப் பையை அவனைத் தொடவிடமாட்டாள். செபமாலை சொல்லி இவ்வளவு சந்தோஷப்படும் ஒருவரை அவன் கண்டதில்லை. அதிகாரியைப் புதன்கிழமை ஆறு மணிக்கே வரச் சொன்னான்.

வந்தவர் தடிமன் பிடித்து மூக்கடைத்த வயதான வெள்ளைக்காரர். சப்பாத்தைக் கழற்ற வேண்டுமா என்று கேட்காமலே கழற்றினார். றோல்ஸ் இரண்டைச் சாப்பிட்டார். முயலைப் பற்றிக் கேட்டார். தோட்டத்தின் வரைபடத்தைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருமினார்.

"இந்த வீட்டில் வேறு யாரிடமாவது துவக்கு இருக்கிறதா?"

"இல்லவே இல்லை, சேர். மனைவிக்குத் துவக்கென்றாலே பயம்."

அதிகாரி தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தார். பிறகு குனிந்து நீளமாக ஏதோ எழுதினார்.

"மனைவி எங்கே?"

"கோவிலில். புதன்கிழமை செபமாலை."

அதையும் எழுதினார்.

செப்ரெம்பர் நழுவுவது கொட்வினுக்குத் தெரிந்தது. ஏரி மங்கிக்கொண்டிருந்தது. "சேர், அலுமாரியைப் பாருங்கள்," என்று கெஞ்சாத குறையாக மாடிக்குக் கூட்டிப் போனான். றஜீனா போனதுமே மாதாவுக்குப் பெரிய மெழுகுதிரியாக ஒன்று ஏற்றிவைத்திருந்தான். அதன் சுடர் இரும்புக் கதவில் மெல்ல ஆடியது. அறை முழுவதும் தேன்மெழுகு வாசம்.

"இதற்குள் எங்கள் மாதா இருக்கிறா," என்றான் கொட்வின், குரலைத் தாழ்த்தி. "சாவி மனைவியிடம் மட்டும்தான். அவவைச் சம்மதிக்க வைத்து இதைக் காலியாக்கிவிடுவேன். உங்களிடம் சத்தியம் செய்கிறேன்."

அதிகாரி மெழுகுதிரியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். குனிந்து, மூக்கடைப்போடு ஊதிச் சுடரை அணைத்தார்.

"காலியாக்கத் தேவையில்லை, மிஸ்டர் கொட்வின், உங்கள் மனைவியின் அனுமதிப் பத்திரத்துக்காக நான்தான் இதைப் பார்த்துக் கையெழுத்து வைத்தேன், அவவின் இருபத்திரண்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று வைக்க உள்ளே இடம் இருக்கிறது."